வண்டியும் மனையும்: அமெரிக்க ஓய்வூதியர் குடியிருப்பின் நூறாண்டு

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பணி ஓய்வு பெற்ற எளிய வருவாயினர், எஞ்சிய காலத்தைக் கழிக்க ஓரிடம் தேடும்போது, வீட்டு விலை, மருத்துவமனையின் தொலைவு, குளிர்காலத்தின் கடுமை ஆகியவற்றோடு, தம் ஆர்.வி.யை நிறுத்த அங்கே இடம் உண்டா என்பதையும் கேட்டறிவது நெடுநாளைய வழக்கம். ஆர்.வி. என்பது படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி ஆகிய அனைத்தையும் தன்னுள்ளேயே கொண்ட பயண வண்டி. பேருந்து அல்லது லாரியின் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டுத் தானே ஓடுவது மோட்டார்ஹோம் என்றும், காரின் பின்னாலோ பிக்-அப் வண்டியின் பின்னாலோ கட்டி இழுக்கப்படுவது ட்ராவல் ட்ரெய்லர் என்றும் வழங்கும். பெரிய மோட்டார்ஹோம் 45 அடி நீளமும் 12 அடிக்கு மேற்பட்ட உயரமும் கொண்டது. சாதாரண அமெரிக்க வீட்டின் கார் கொட்டகைக் கதவோ பெரும்பாலும் 7 அடி உயரத்தோடு நின்றுவிடுகிறது. ஆகவே குறைந்த செலவில் வீடும் வண்டிக்கு இடமும் ஒருசேர அமைவது எளிதன்று. ஆயினும் இவை இரண்டும் தொடக்கத்திலிருந்தே தனித்தனித் தேவைகளாக இருந்தவை அல்ல. முதல் தலைமுறை ஓய்வூதியர்களுக்கு வண்டியே வீடாக இருந்தது. இரண்டையும் பிரித்தவை தொழிற்சாலையும் நகர்மன்றமும் நிலச்சந்தையுமே ஆகும்.

இவ்வழக்கத்தின் தொடக்கத்தைப் பிளாரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் காணலாம். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் விவசாயிக்கும் சிறு வணிகருக்கும் எட்டும் விலைக்கு வந்துவிட்டிருந்ததால், பனியில் வேலை ஓய்ந்துபோகும் வட மாநிலத்தார் பலர் கூடாரத் துணியையும் தகர டப்பாவில் அடைத்த உணவையும் ஏற்றிக்கொண்டு குளிர்காலத்தைத் தெற்கே கழிக்கப் புறப்பட்டனர். அவ்வாறு டாம்பாவின் டி சோட்டோ பூங்காவில் முகாமிட்டவர்கள் 1919-ஆம் ஆண்டில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கத்தை அமைத்தனர்; காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வது சங்கத்தாரின் அடையாளமாயிற்று. முகாமைத் தூய்மையாக வைத்திருத்தல், பிறர் உடைமைக்குக் கேடு செய்யாதிருத்தல், வழியில் தவிப்பவருக்கு உதவுதல் என்பன போன்ற ஒழுங்குகளை அச்சங்கம் தனக்கென வகுத்துக்கொண்டதற்கு வலுவான காரணம் இருந்தது. உள்ளூர் வணிகர்கள் இந்த விருந்தினரின் பணத்தை வரவேற்றனர். விடுதி உரிமையாளர்களும் வரி செலுத்தும் வீட்டுக்காரர்களும் இவர்களைச் செலவழிக்காத கூட்டம் என்று குறை கூறினர். வரவேற்பும் வெறுப்பும் கலந்த இந்த நோக்கு அடுத்த நூறாண்டும் மாறவில்லை என்பதை இவ்வரலாற்றைப் பயில்வோர் நினைவில் வைப்பது நலம்.

1930-களில் கூடாரத்தின் இடத்தைச் சக்கரத்தின் மேல் நிற்கும் சிறு அறை பிடித்துக்கொண்டது. டெட்ராய்ட் பகுதியில் ஆர்தர் ஷெர்மன் தொடங்கிய 'கவர்டு வேகன்' நிறுவனம் ட்ரெய்லரைத் தொழிற்சாலையில் தொடர் உற்பத்தியாகச் செய்து சில ஆண்டுகளிலேயே அத்துறையின் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. வாலி பயம் என்பவர் 1936-இல் விமானத்தின் உடலைப் போல அலுமினியத் தகட்டால் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' வண்டியைக் கட்டினார். பிளாரிடாவின் சாரசோட்டா நகராட்சி ட்ரெய்லர்களுக்கென்று பூங்கா ஒதுக்கித் தகர டப்பாச் சங்கத்தாரின் மாநாடுகளைத் தன்னிடம் ஈர்த்தது. அதன் அண்டை ஊரான பிரேடன்டனில், கிவானிஸ் என்ற சேவைச் சங்கம் 1936-இல் ஒரு ட்ரெய்லர் பூங்காவைத் திறந்து, வந்த வருவாயை அறப்பணிகளுக்குச் செலவிட்டது. பூங்கா என்னும் இச்சொல், வரிசையாக வகுத்த மனைகளில் குடிநீர்க் குழாயும் மின்கம்பமும் பொதுக் குளியலறையும் அமைத்து, வண்டியோடு வருபவருக்கு வார வாடகைக்கோ மாத வாடகைக்கோ இடம் தரும் நிலப்பகுதியைக் குறிக்கும்.

அதே காலத்தில்தான் ஓய்வு என்பது உழைக்கும் வகுப்பினருக்கு இயலக்கூடிய ஒன்றாக மாறியது. 1935 ஆகஸ்ட் 14 அன்று கையெழுத்தான சமூகப் பாதுகாப்புச் சட்டம், ஊதியத்தில் பிடித்தம் செய்த வரியைக் கொண்டு 65 வயதானவருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வழங்க வகைசெய்தது. அதன் முதல் மாதாந்தரக் காசோலை 1940 ஜனவரி 31 தேதியிட்டு, வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லர் என்ற முன்னாள் சட்ட அலுவலகச் செயலாளருக்கு 22 டாலர் 54 சென்டாக வழங்கப்பட்டது. தொகை சிறிதாயினும் அது மாதம் தவறாமல் வருவது, வாழ்நாள் முழுதும் வருவது, பெறுபவர் எந்த ஊரில் இருந்தாலும் தேடி வருவது. கடைசியாகச் சொன்ன இயல்பே இவ்வரலாற்றுக்கு முதன்மையானது: முதுமைக்கான வருவாய் நிலத்தையோ ஊரையோ பிள்ளைகளின் வீட்டையோ சார்ந்திராத நிலை உருவானதும், வெயிலைத் தேடி இடம்பெயர்வது செல்வரின் பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து இறங்கிப் பொதுமக்களின் வாழ்க்கைத் திட்டமாயிற்று. பெண்களுக்கு 1956-இலும் ஆண்களுக்கு 1961-இலும் குறைந்த தொகையோடு 62 வயதிலேயே ஓய்வூதியம் பெறும் வழி திறக்கப்பட்டதும், இன்னும் உடல் தளராத, வண்டியோட்டவல்ல ஓய்வூதியர் கூட்டம் ஒன்று சாலைக்கு வந்தது.

இரண்டாம் உலகப் போர் ட்ரெய்லருக்கு வேறொரு பணியைத் தந்தது. ஆயுதத் தொழிற்சாலைகள் திடீரென முளைத்த ஊர்களில் தொழிலாளரைக் குடியமர்த்த அரசே ஆயிரக்கணக்கான ட்ரெய்லர்களை வாங்கியது. போர் முடிந்த பின்னும் வீட்டுப் பஞ்சம் நீடித்ததால், சுற்றுலாவுக்காகச் செய்யப்பட்ட வண்டியில் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. நகர்மன்றங்கள் இதை அச்சத்தோடு நோக்கின. நிலத்தைப் பயன்பாட்டு வகைவாரியாகப் பிரித்து, இன்ன பகுதியில் இன்னதுதான் கட்டலாம் என்று வரையறுக்கும் மண்டலச் சட்டங்களுக்கு, 1926-இல் யூக்ளிட் ஊருக்கும் ஆம்ப்ளர் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்திருந்தது. அந்த அதிகாரத்தைக் கொண்டு பல ஊர்கள் ட்ரெய்லரைக் குடியிருப்புத் தெருக்களிலிருந்து விலக்கி, இருப்புப்பாதை ஓரத்துக்கும் நெடுஞ்சாலை ஓரத்துக்கும் தொழிற்சாலைகளை அடுத்த நிலத்துக்கும் தள்ளின. ட்ரெய்லரில் வாழ்பவர் ஊரின் மதிப்பைக் குறைப்பவர் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றியதற்கு, அவர்களின் நடத்தையைக் காட்டிலும், அவர்கள் குடியிருக்க அனுமதிக்கப்பட்ட இடங்களின் இழிநிலையே பெரிதும் காரணமாயிற்று எனலாம்.

வண்டியையும் வீட்டையும் பிரித்த திருப்பம் 1950-களின் நடுவில் நிகழ்ந்தது. அதுவரை நெடுஞ்சாலைச் சட்டங்கள் அனுமதித்த அகலம் 8 அடி. அதற்குள் அமைந்த ட்ரெய்லரில் முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போக வேண்டுமானால் நடுவிலுள்ள படுக்கையறையின் ஊடாகவே நடந்தாக வேண்டும். விஸ்கான்சின் மாநிலத்தில் மார்ஷ்ஃபீல்டு ஹோம்ஸ் நிறுவனத்தை நடத்திய எல்மர் ஃப்ரே, 10 அடி அகலத்தில் ட்ரெய்லரைக் கட்டி, சிறப்பு அனுமதி பெற்றுச் சாலையில் கொண்டுசெல்லும் முறைக்கு வழி திறந்தார். கூடுதலாகக் கிடைத்த 2 அடியில் சுவரோரமாக ஒரு நடைபாதை வந்தது; படுக்கையறைக்குக் கதவு வந்தது; கணவனும் மனைவியும் மட்டுமன்றி, வந்து தங்கும் உறவினரும் மானத்தோடு உறங்கக்கூடிய அறை அமைந்தது. மொபைல் ஹோம் என்ற பெயரைப் பரப்பியவரும் அவரே. ஆனால் அந்த வீட்டைக் குடும்பத்தின் கார் இனி இழுக்க இயலாது. தொழில்முறை லாரியோட்டி ஒருமுறை கொண்டுவந்து இறக்கிவிட்டால், பெரும்பாலும் அது அங்கேயே கிடந்து பழசாகும். 12 அடி, 14 அடி என அகலம் வளர வளரச் சக்கரம் வெறும் சடங்காயிற்று. மறுபுறம், நகர விரும்பியவர்களுக்காக 8 அடி அகலத்துக்குள் நின்ற வண்டிகள் தனித்துறையாக வளர்ந்தன; அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ நிறுவனம் 1966-இல் மோட்டார்ஹோமைத் தொடர் உற்பத்தியில் இறக்கியதும் ஆர்.வி. நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டியது. தகர டப்பாச் சங்கத்தார் ஒரே பொருளில் பெற்றிருந்த இரண்டும் இவ்வாறு இரண்டு பொருள்களாயின. இரண்டுக்கும் இடம் தேடும் சிக்கல் இங்கேதான் பிறந்தது.

இதே காலத்தில், அரிசோனா மாநிலத்தில் பென் ஷ்லைஃபர் என்பவர் 1954-இல் முதியோருக்கென்றே யங்டவுன் என்னும் ஊரை நிறுவினார். அதன் அருகிலேயே கட்டுமானத் தொழிலதிபர் டெல் வெப்பின் நிறுவனம் சன் சிட்டியை 1960 ஜனவரி 1 அன்று திறந்தபோது, முதல் வார இறுதியில் மட்டும் ஏறத்தாழ 1,00,000 பேர் மாதிரி வீடுகளைக் காண வந்தனர்; வீடுகளின் தொடக்க விலை ஏறத்தாழ 8,500 டாலர். முதுமையைப் பேரக்குழந்தைகளின் வீட்டு மூலையில் கழிக்காமல் கோல்ஃப் மைதானத்தின் ஓரத்தில் கழிக்கலாம் என்ற எண்ணத்தை நாடு முழுவதும் விற்ற பெருமை சன் சிட்டியைச் சாரும். இத்தகைய திட்டமிட்ட ஊர்கள் பெருகியபோது, பத்திரத்தோடு இணைந்து நிலத்தை விட்டு நீங்காத நிபந்தனைகளும், அவற்றைக் கண்காணிக்கும் வீட்டு உரிமையாளர் சங்கங்களும் பெருகின. வேலியின் உயரம், சுவரின் நிறம் ஆகியவற்றோடு, ஆர்.வி.யை வீட்டு முன்றிலில் நிறுத்தலாகாது, பொருளை ஏற்றி இறக்க ஓரிரு நாள் மட்டுமே நிறுத்தலாம் என்பதும் அந்நிபந்தனைகளில் வழக்கமான ஒன்றாயிற்று. ட்ரெய்லரைத் தெருவிலிருந்து விலக்க நகர்மன்றம் செய்த வேலையை இங்கே அண்டை வீட்டாரே ஒப்பந்தத்தின் மூலம் செய்துகொண்டனர். இதன் விளைவாக, வண்டியுடையவர் ஊருக்கு வெளியே வாடகைக் கிடங்கில் அதை நிறுத்திக் கூடுதலாக மாதக் கட்டணம் செலுத்தும்படியாயிற்று. குறைந்த ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு இது சிறு சுமையன்று.

அத்தகையோர் மேற்கே அரிசோனாவின் மேசா, அப்பாச்சி ஜங்ஷன் ஊர்களுக்கும், டெக்சாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்குக்கும், பிளாரிடாவின் நடுப்பகுதிக்கும் சென்றனர். அங்குள்ள ஆர்.வி. பூங்காவின் ஒரு மனை எளிய அமைப்புடையது: வண்டி நிற்க ஒரு காங்கிரீட் தளம், அதன் ஓரத்தில் 30 அல்லது 50 ஆம்பியர் மின் இணைப்புப் பெட்டி, ஒரு குடிநீர்க் குழாய், கழிவுநீருக்கு மூடியிட்ட ஒரு குழி. மூன்று நான்கு குளிர்காலம் தொடர்ந்து அதே மனைக்கு வருபவர் முதலில் வண்டியின் பக்கவாட்டில் நிழற்கூரை இடுவார். பிறகு அதை வலையடித்து அறையாக்குவார். பிளாரிடா ரூம் என்றும் அரிசோனா ரூம் என்றும் அழைக்கப்படும் இவ்வறைகளில் குளிர்பதனப்பெட்டியும் துணி துவைக்கும் பொறியும் வந்து சேரும். இறுதியில் பழைய வண்டி போய், அதன் இடத்தில் 400 சதுர அடிக்கு மிகாத, சட்டப்படி ஆர்.வி.யாகவே கருதப்படும் பார்க் மாடல் என்ற குறுவீடு வந்து நிற்கும். பல பூங்காக்கள் ஒரு மூலையை வேலியிட்டுக் குடியிருப்போரின் பயண வண்டிகளை நிறுத்த ஒதுக்கின. குறைந்த செலவில் வீடும் வண்டிக்கு இடமும் வேண்டியவருக்கு இந்த ஏற்பாட்டைவிடப் பொருத்தமானது நெடுங்காலம் வேறில்லை.

1988-இல் திருத்தப்பட்ட நியாய வீட்டுவசதிச் சட்டம் குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்கு வீடு மறுப்பதைத் தடைசெய்தபோது, முதியோரை மட்டுமே ஏற்றுவந்த பூங்காக்கள் கலங்கின. குடியேறிய வீடுகளுள் 80 விழுக்காட்டிலாவது 55 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் இருந்தால் விலக்கு உண்டு என்ற ஏற்பாடு அவற்றைக் காத்தது. முதியோருக்கெனச் சிறப்பு வசதிகள் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது.

வயது வரம்பைக் காட்டிலும் ஆழமான சிக்கல் மண்ணில் இருந்தது. வீடு குடியிருப்பவருடையது, அது நிற்கும் மனை பூங்கா முதலாளியுடையது. 1974-இல் இயற்றப்பட்ட தேசியச் சட்டத்தின்படி 1976 ஜூன் 15 முதல் நாடு முழுவதற்கும் ஒரே கட்டுமானத் தரவிதி நடைமுறைக்கு வந்து, மொபைல் ஹோம் உறுதியான வீடாயிற்று. ஆனால் வீடு உறுதியாக ஆக, அதை நகர்த்துவது கடினமாயிற்று. பெயர்த்துச் செல்லப் பல ஆயிரம் டாலர் தேவை, பழைய வீட்டை ஏற்கும் வேறு பூங்கா கிடைப்பதும் அரிது. மனை வாடகை உயர்ந்தால் வீட்டை விட்டுவிட்டுப் போவது, அல்லது மருந்துச் செலவைக் குறைத்து வாடகையைச் செலுத்துவது என்பதே பல முதியோருக்கு எஞ்சிய தெரிவாயிற்று. உடைமை பெற்றவர் என்ற தோற்றத்தோடு வாடகைக்காரரின் நிச்சயமின்மையைச் சுமக்கும் இந்நிலையைப் போன்ற அநீதி அமெரிக்க வீட்டுச் சந்தையில் அரிது. 1990-களில் பூங்காக்களைத் திரட்டி வாங்கிய பெருநிறுவனங்கள் பங்குச்சந்தைக்கு வந்தபின், குடியிருப்போர் வெளியேற மாட்டார்கள் என்பதே முதலீட்டாளருக்குச் சொல்லப்படும் சிறப்பாயிற்று. கலிபோர்னியாவின் பல ஊர்கள் மனை வாடகைக்கு உச்சவரம்பு விதித்தன. அது நில உரிமையைப் பறிப்பதாகத் தொடரப்பட்ட எஸ்காண்டிடோ நகர வழக்கில் 1992-இல் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. பிளாரிடா சட்டமோ, பூங்காவை உரிமையாளர் தாமாக விற்பனைக்கு விடும்போது, குடியிருப்போர் சங்கத்துக்கு அதே விலையில் வாங்க 45 நாள் தந்தது. விற்கும் எண்ணமில்லாதவரைத் தேடி வந்து ஒருவர் விலை கேட்டால் அவ்வுரிமை செல்லாது என்பதால், அச்சட்டத்தின் காப்பு பலருக்குக் கிட்டவில்லை.

நிலத்துக்குரிய விலையைக் கொடுக்க இயலாதவர்கள் பொதுநிலத்தை நாடினர். அரிசோனாவின் குவார்ட்சைட் ஊரைச் சுற்றியுள்ள பாலையில், மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை 1983-இல் நெடுங்கால விருந்தினர் பகுதிகளை வகுத்து, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்குவதற்கு ஒரே கட்டணமாகப் பல ஆண்டுகள் 180 டாலர் மட்டுமே பெற்றுவந்தது. மனைக்கு மின்சாரமோ குழாயோ கிடையாது. தண்ணீரைத் தொட்டியில் கொணர்ந்து, மின்சாரத்தைக் கூரைமேல் பதித்த சூரியத் தகட்டிலிருந்து பெற வேண்டும். 2008-இன் வீட்டுச் சந்தை வீழ்ச்சியில் சேமிப்பை இழந்த முதியோர் பலர் இப்பாலைக்கு வந்ததையும், பருவகால வேலை தேடிக் கிடங்குகளுக்கும் முகாம்களுக்கும் அலைந்ததையும் ஜெசிகா புரூடர் 2017-இல் வெளியான 'நோமட்லேண்ட்' நூலில் பதிவு செய்தார். 7 மாதம் கழிந்ததும் கோடையில் எங்கே போவது என்ற கேள்விக்குப் பாலையில் விடையில்லை.

நிலத்தைக் குடியிருப்போரே கூட்டாக வாங்கியது மற்றொரு வழி. பிளாரிடாவின் கிழக்குக் கடற்கரையில், பாய்ன்டன் பீச்சை அடுத்துள்ள பிரைனி பிரீசஸ் பூங்காவை அங்குத் தங்கிவந்தவர்கள் 1958-இல் மில்லர் குடும்பத்திடமிருந்து வாங்கிக்கொண்டு, 1963-இல் அதைத் தனி ஊராகவே பதிவு செய்தனர். கடலை ஒட்டிய அந்நிலத்துக்கு, 2000-களின் நடுவில் ஒரு கட்டுமான நிறுவனம் 51 கோடி டாலர் தர முன்வந்தபோது, பங்குதாரர்களான குடியிருப்போரில் மிகப் பெரும்பான்மையினர் விற்க ஒப்பினர். 2007-இல் அந்த ஒப்பந்தம் முறிந்ததால்தான் ஊர் நிலைத்தது. விற்க ஒப்பியவர்களைக் குறை கூற இடமில்லை, வாழ்நாளில் அத்தகைய தொகை அவர்களைத் தேடி வந்ததில்லை. ஆனால் ஒருவர் தம் பங்கைச் சந்தை விலைக்கு விற்க முடியும்வரை, அடுத்து வரும் எளிய ஓய்வூதியருக்கு அங்கு இடமில்லை என்பதையும் அந்நிகழ்ச்சி தெளிவாக்கியது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1984-இல், ஒரு சமூகக் கடன் நிதியின் துணையோடு மெரிடித் ஊரின் சிறு பூங்காவைக் குடியிருப்போர் வாங்கியபோது வேறு விதி வகுக்கப்பட்டது: வீட்டை யாரும் சந்தை விலைக்கு விற்கலாம், ஆனால் நிலத்திலுள்ள உறுப்பினர் பங்கு என்றும் சிறு தொகையாகவே இருக்கும். அவ்வழியைப் பிற மாநிலங்களுக்கு எடுத்துச் செல்ல 2008-இல் ஆர்.ஓ.சி. யு.எஸ்.ஏ. என்ற அமைப்பு தோன்றி, 300-க்கும் மேற்பட்ட பூங்காக்களுக்குத் துணைநின்றுள்ளது.

இதே நெறியை வண்டியுடையவருக்கென்றே அமைத்தவர்கள் ஜோ பீட்டர்சனும் கே பீட்டர்சனும். இத்தம்பதியினர் 1978-இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் சங்கம் டெக்சாஸின் லிவிங்ஸ்டன் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டது. நிலையான முகவரி இல்லாத உறுப்பினர்களின் கடிதங்களை அங்கே பெற்று, அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்புவதும் அதன் பணி. அதன் உறுப்பினர்கள் தம்முள் கூடிப் பல மாநிலங்களில் கூட்டுறவுப் பூங்காக்களை அமைத்தனர். உறுப்பினர் ஒரு தொகை செலுத்தி மனையை வாழ்நாள் பயன்பாட்டுக்குப் பெறுவார்; சில இடங்களில் வண்டிக்குப் பக்கத்தில் காசிட்டா எனப்படும் சிறு கட்டடமும் கட்டிக்கொள்வார்; அவர் பயணம் போனால் மனை வழிப்போக்கரான உறுப்பினருக்கு வாடகைக்கு விடப்பட்டு, அவ்வருவாய் பூங்காவின் பராமரிப்புக்குச் சேரும்; விலகும்போது அவர் செலுத்திய தொகையும் மனையில் செய்த மேம்பாட்டின் மதிப்பும் திரும்பக் கிடைக்கும், நில விலையேற்றத்தின் இலாபம் கிடைக்காது. இலாபம் இல்லாததாலேயே விலை தணிந்து நின்றது, விலை தணிந்து நின்றதாலேயே காத்திருப்போர் பட்டியல் பல பூங்காக்களில் ஆண்டுக்கணக்கில் நீண்டது. வண்டியோட்ட உடல் இடம்கொடாத உறுப்பினருக்காக 1990-களில் லிவிங்ஸ்டனில் கேர் என்ற மையமும் எழுந்தது. முதியவர் தம் ஆர்.வி.யைவிட்டு இறங்கி வேறு இல்லத்துக்குப் போக வேண்டியதில்லை, அதையே மையத்தின் மனையில் நிறுத்தி அதிலேயே குடியிருந்துகொண்டு, உணவையும் செவிலியர் கவனிப்பையும் மருத்துவரிடம் போய்வர வாகனத்தையும் பெறலாம். ஓட்டுநர் உரிமத்தை இழந்தவரும் தம் வீட்டை இழக்காதிருக்க அமெரிக்காவில் செய்யப்பட்ட ஏற்பாடுகளுள் நன்கொடையையும் தன்னார்வலரின் உழைப்பையும் பெரிதும் சார்ந்தது இது.